வால்டன் ஏரிக்கரையில் ஒரு சிறு வீடு
(ஹென்றி டேவிட் தோரோவின் சரிதை)

கலாசாலையிற் பயின்று பட்டம் பெற்று வெளியேறும் இளைஞன் ஒருவனுக்கு முதலில் எழும் கவலை யாது? உத்தியோகம் என்பர் பலர். அதனை அடுத்து நிற்பது தங்குதற்கு ஓர் இடம் வேண்டுமே என்னும் கவலை. மாதந்தோறும் வாடகை செலுத்தி ஆயுளிற் பாதியைப் போக்குவோரும், சொந்த வீடு கட்டும்பொருட்டுக் கடன்பட்டு மற்றைப் பாதியைப் போக்குவோரும் உலகில் எண்ணிறந்தவர். இக்கவலையைத் தம் இருபத்தேழாம் வயதில் இரவல் வாங்கிய கோடரி ஒன்றுடன் எதிர்கொண்ட அமெரிக்க அறிஞர் ஒருவருடைய சரிதையை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

ஹென்றி டேவிட் தோரோ 1817-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கான்கார்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஞானஸ்நானத்தின்போது இடப்பெற்ற பெயர் டேவிட் ஹென்றி. அதனை முன்பின்னாக மாற்றிக்கொண்டவர் அவரே. தந்தையார் பென்சில் செய்து விற்பவர். தாயார் தம் இல்லத்தில் விடுதியாளர் சிலர்க்கு ஊணும் உறைவிடமும் அளித்துக் குடும்ப வருவாய்க்குத் துணைபுரிந்தார். செல்வர் அல்லராயினும் பெற்றோர் மகனை 1833-இல் ஹார்வர்டு கலாசாலைக்கு அனுப்பினர். 1837-இல் அவர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்ற கையோடு சொந்த ஊரிலேயே பள்ளி ஆசிரியர் பதவி கிடைத்தது. கிடைத்த பதவி இரண்டு வாரமே நிலைத்தது. பிள்ளைகளை அடித்துத் திருத்தவேண்டும் என்று பள்ளியை மேற்பார்த்தவர்களுள் ஒருவர் வற்புறுத்த, தோரோ மாணவர் சிலரை அடித்தார். அடித்தபின் தம் செயலுக்குத் தாமே மனம் பொறாது பதவியை விட்டு விலகினார். 1838-இல் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கித் தமையனார் ஜானுடன் சேர்ந்து நடத்தினார். அங்கே பிரம்புக்கு வேலையில்லை. பாடம் பாதி அறைக்குள்ளும் பாதி காட்டிலும் ஆற்றிலும் நடந்தது. 1839-ஆம் ஆண்டுக் கோடையில் சகோதரர் இருவரும் தம் கையாலேயே ஒரு படகு செய்து, கான்கார்ட், மெரிமாக் என்னும் ஆறுகளின் வழியே யாத்திரை போய் வந்தனர்.

ஜானின் தேக நலம் குன்றியமையால் 1841-இல் பள்ளி மூடப்பட்டது. 1842-ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் ஜான் சவரக் கத்தியைத் தீட்டும்போது விரலிற் சிறு காயம் பட்டது. அது வில்வாத ஜன்னியாக மாறிற்று. சில நாட்களுக்குள் அவர் தம்பியின் கைகளிலேயே உயிர் நீத்தார். தம்பிக்கும் அதே நோயின் குறிகள் தோன்றின. காயம் ஒன்றுமின்றித் துயரத்தால் மட்டுமே தோன்றிய அக்குறிகள் பின்னர் நீங்கின. அந்த ஆற்று யாத்திரையை ஒரு நூலாக எழுதித் தமையனாருக்கு நினைவுச் சின்னமாக்க வேண்டும் என்பது அதன்பின் தோரோவின் நெஞ்சில் நிலைத்த விருப்பம். தோரோ காட்டிற்குப் போனதைச் சிலர் துறவு என்கின்றனர். சிலர் விளையாட்டு என்கின்றனர். முடிக்க வேண்டிய ஒரு புத்தகம் அவர் கையில் இருந்தது என்பதை இவ்விரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

எழுதுவதற்கோ இடமில்லை. சிலகாலம் எமர்ஸன் என்னும் தத்துவ ஞானியின் இல்லத்தில் வேலைகள் செய்துகொண்டு தங்கினார். சிலகாலம் நியூயார்க் நகரை அடுத்த தீவொன்றிற் பிள்ளைகட்குக் கற்பித்தார். திரும்பி வந்து தந்தையாரின் பென்சிற் பட்டறையில் உழைத்தார். பென்சிலுக்கு வேண்டும் காரீயத்தைக் களிமண்ணோடு கலந்து சுடும் முறையைச் செம்மைப்படுத்தி, அக்குடும்பத்துப் பென்சில் அந்நாட்டிற் சிறந்தவற்றுள் ஒன்றாகும்படி செய்தவர் அவரே. ஆயினும் அத்தொழிலிலேயே நிலைத்துப் பொருளீட்ட அவர் மனம் இசையவில்லை. 1844-ஆம் ஆண்டு ஏப்ரலில், நண்பர் ஒருவருடன் ஆற்றங்கரையில் மீன் சமைக்க மூட்டிய தீ கைமீறிப் பரவி, ஏறத்தாழ 300 ஏக்கர் காட்டை எரித்துவிட்டது. ஹார்வர்டிற் படித்தும் உத்தியோகம் இல்லாதவர், போதாக்குறைக்குக் காட்டைக் கொளுத்தியவர் என்பதே ஊரார் அவரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் எமர்ஸன், ஊருக்கு ஒன்றரை மைல் தொலைவில் உள்ள வால்டன் ஏரிக்கரையிற் சிறிது நிலம் வாங்கினார். அந்நிலத்தில் ஒரு சிறு வீடு கட்டித் தங்கிக்கொள்ளத் தோரோவுக்கு இசைவு தந்தார். அதே 1844-இல் தோரோ தம் தந்தையாருடன் சேர்ந்து குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டியிருந்தமையால் கட்டிட வேலை அவருக்குப் புதிதன்று.

1845-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து இறுதியில், ஏரியில் இன்னும் பனிக்கட்டி முற்றும் உருகாதிருந்த நாளில், கோடரி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு அவர் காட்டை அடைந்தார். நெடிதுயர்ந்த இளம் பைன் மரங்களை வெட்டி ஆறு அங்குலச் சதுரச் சட்டங்களாகச் செதுக்கினார். பெரும் உத்தரங்களை நான்கு பக்கமும் செதுக்கினார். தூண்களை இரண்டு பக்கம் மட்டும் செதுக்கினார். கைமரங்களையும் தரைச் சட்டங்களையும் ஒரு பக்கம் மட்டும் செதுக்கி, மற்றப் பக்கங்களிற் பட்டையை அப்படியே விட்டுவிட்டார்.  ஒரு நாள் கோடரிக் காம்பு கழன்றுபோக, பச்சை மரத்தால் ஆப்பு ஒன்று சீவி அடித்து, மரம் ஊறிப் பருக்கும்படி அதனை ஏரி நீரில் அமிழ்த்தி வைத்தார். இரவல் வாங்கிய கோடரியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தபோது, வாங்கியதைவிடக் கூர்மையாக்கியே கொடுத்தார். இரவல் நூல்களைத் திருப்பிக் கொடுக்கும் நம் மாணவ நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

சட்டங்கள் ஆயின, பலகைக்கு என் செய்வது? புதுப் பலகை விலை மிகுதி. முந்திய ஆண்டிலேதான் கான்கார்ட் வழியாக இருப்புப்பாதை போடப்பட்டிருந்தது. அவ்வேலைக்கு வந்த ஐரிஷ் தொழிலாளர் பாதையோரத்திற் குடிசைகள் கட்டி வாழ்ந்தனர். பாதை முடிந்ததும் வேறிடம் தேடிப் போயினர். ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் தொழிலாளியின் குடிசை விலைக்கு வருவதாகத் தோரோ கேள்வியுற்றுப் பார்க்கச் சென்றார். அது தாழ்ந்த குடிசை. சுற்றிலும் ஐந்தடி உயரத்துக்கு மண் அணைத்திருந்தது. கூரையே அதிற் குறைவற்ற பகுதி. வாயிலுக்குப் படியில்லாமையாற் கோழிகள் கதவின் கீழே புகுந்து போய்வந்தன. உள்ளே இருளில் ஓர் அடுப்பு, ஒரு கட்டில், அவ்வீட்டிலேயே பிறந்த குழந்தை ஒன்று, பட்டுக் குடை ஒன்று, பொற்சட்டம் இட்ட கண்ணாடி ஒன்று, புதிய காப்பி அரைக்கும் இயந்திரம் ஒன்று ஆகியவை இருந்தன. விலை 4 டாலர் 25 சென்ட் எனப் பேசி முடிந்தது. மறுநாட் காலை ஐந்து மணிக்குக் குடும்பத்தார் வெளியேறுவது, ஆறு மணிக்குத் தோரோ உரிமை கொள்வது என்பது உடன்பாடு. ஆறு மணிக்கு அவர் செல்லும்போது அக்குடும்பம் எதிரே வந்தது. அவர்கள் உடைமை முழுவதும் ஒரே மூட்டையில் அடங்கியிருந்தது. பூனை மட்டும் அவர்களுடன் வரவில்லை. அது காட்டுக்குள் ஓடி, பிற்பாடு வேறு பிராணிக்கு வைத்த பொறியிற் சிக்கி மடிந்தது.

தோரோ அன்றே குடிசையைப் பிரித்தார். ஆணிகளைப் பிடுங்கிப் பலகைகளைச் சிறு வண்டியில் ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, வளைந்தவை நிமிரும்படியும் கறை வெளுக்கும்படியும் புல்லின்மேல் வெயிலிற் பரப்பினார். அவர் வண்டியோடு போன இடைநேரங்களில், அருகிருந்த ஒருவர் நேரான ஆணிகளைப் பொறுக்கித் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். புதிய ஆணி வாங்கத் தோரோ 3 டாலர் 90 சென்ட் செலவிட நேர்ந்ததற்கு இந்தச் சட்டைப்பையும் ஓரளவு காரணம் போலும்!

தெற்கு நோக்கிச் சரியும் மேட்டில் ஆறடிச் சதுரமும் ஏழடி ஆழமுமாக நிலவறை ஒன்று தோண்டினார். மணற்பாங்கான மண் ஆகையால் இரண்டு மணி நேரமே பிடித்தது. குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு உறைந்துபோகாமல் அதிற் கிடக்கும். மே மாதத் தொடக்கத்தில் நண்பர் சிலரை அழைத்துச் சட்டங்களை நிறுத்தினார். எமர்ஸனும், ஆல்காட் என்னும் கல்வியாளரும் அன்று கைகொடுத்தவர்களுட் சேர்ந்தவர்கள். தத்துவ ஞானிகள் தோள்கொடுத்துத் தூக்கிய வீடுகள் உலகில் அதிகமிரா. பலகைகளின் ஓரத்தை மெல்லிதாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அறைந்தமையால் மழைநீர் உட்புகவில்லை. 1845-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி, அதாவது அமெரிக்கர் தம் சுதந்திரத்தைக் கொண்டாடும் திருநாளில், அவர் அங்கே குடிபுகுந்தார். அப்போது சுவருக்குப் பூச்சில்லை, புகைபோக்கியும் இல்லை. கோடைக் காற்று பலகை இடுக்குகளின் வழியே உலவிற்று. வெளியே தரையில் தீ மூட்டி ரொட்டி சுட்டார். மழை வந்தால் இரண்டொரு பலகையைத் தீயின்மேற் சாய்த்து, அதன்கீழ் அமர்ந்து ரொட்டியைக் காவல் காத்தார்.

இலையுதிர் காலத்திலேயே புகைபோக்கி எழுந்தது. அதன் அடித்தளத்துக்கு இரண்டு வண்டி அளவு கற்களை ஏரியிலிருந்து மேட்டுக்குத் தம் கைகளாலேயே சுமந்து வைத்திருந்தார். செங்கற்கள் பழையவை, பல ஆண்டுகள் இறுகிய சாந்தைக் கரணையாற் கொத்திக் கொத்திப் பெயர்த்த பின்னரே அவை பயன்பட்டன. இடைவெளிகளைக் கரைக் கற்களால் நிரப்பினார். சாந்துக்கும் அக்கரையின் வெண்மணலே உதவிற்று. அவ்வேலையை அவர் அவசரமின்றிச் செய்தார். காலையில் தரைமட்டத்தில் தொடங்கினால், அன்றிரவு எழுந்திருந்த செங்கல் வரிசை அவருக்குத் தலையணை ஆகும் அளவே உயர்ந்திருக்குமாம். சுவரின் வெளிப்புறத்தை மரச்சில்லு ஓடுகளால் மூடினார். அவையும் மரத்தின் முதல் அறுவையிற் கழித்துப் போட்டவை. ஓரங்களை இழைப்புளியால் நேராக்க வேண்டியிருந்தது. குளிர் முற்றத் தொடங்கியபின் உட்சுவரில் மெல்லிய ரீப்பர்களை அறைந்து சுண்ணாம்புச் சாந்து பூசினார். ஆற்றுச் சிப்பிகளைச் சுட்டுச் சிறிது சுண்ணாம்பும் செய்து பார்த்தார். அது சோதனைக்காகவேயன்றித் தேவைக்காக அன்று.

முடிந்த வீடு பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உடையது. தூண்களின் உயரம் எட்டடி. மேலே பரண், பக்கத்துக்கு ஒரு சன்னல், ஒரு முனையிற் கதவு, மறுமுனையிற் கணப்பு. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, எழுதும் சாய்மேஜை ஒன்று, மூன்று நாற்காலிகள், மூன்றங்குலக் கண்ணாடி ஒன்று, சில பாத்திரங்கள், ஓர் எண்ணெய் விளக்கு. தண்ணீர் ஏரியிலிருந்தே வந்தது. குளிர்காலத்திற் கோடரியாற் பனிக்கட்டியைப் பிளந்து மொண்டார். கதவைப் பூட்டும் வழக்கம் இல்லை. காணாமற் போனது ஹோமர் காவியத்தின் ஒரு தொகுதி மட்டுமே. திருடியவருடைய இலக்கியச் சுவையை நாம் மெச்சவேண்டும்.

இனிக் கணக்கு. தோரோவைப் போல் அரைச் சென்ட் வரை கணக்கு வைத்த வேறு ஓர் இலக்கிய ஆசிரியரை யாம் அறியோம். பலகைக்கு 8 டாலர் 3½ சென்ட். மர ஓட்டுக்கு 4 டாலர். ரீப்பருக்கு 1 டாலர் 25 சென்ட். கண்ணாடியோடு கூடிய பழைய சன்னல் இரண்டுக்கு 2 டாலர் 43 சென்ட். பழைய செங்கல் ஆயிரத்துக்கு 4 டாலர். இரண்டு பீப்பாய்ச் சுண்ணாம்புக்கு 2 டாலர் 40 சென்ட். சாந்திற் கலக்கும் ரோமத்துக்கு 31 சென்ட். கணப்பின் மேல்வாய் இரும்புக்கு 15 சென்ட். ஆணிக்கு முன்னர்க் கூறிய 3 டாலர் 90 சென்ட். கீலுக்கும் திருகாணிக்கும் 14 சென்ட். தாழ்ப்பாளுக்கு 10 சென்ட். சுண்ணக்கட்டிக்கு 1 சென்ட். வண்டிச் சத்தம் 1 டாலர் 40 சென்ட். ஆக மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். மிஞ்சிய சாமான்களைக் கொண்டு விறகுக் கொட்டில் ஒன்றும் எழுந்தது. அக்காலத்தில் ஹார்வர்டு கலாசாலையில் ஒரு மாணவனுடைய அறைக்கு ஆண்டு வாடகை 30 டாலர். ஓராண்டு வாடகையிலும் குறைந்த தொகைக்கு ஆயுள் முழுவதும் தங்கும் வீடு! இந்த ஒப்புமையை எடுத்துக் காட்டியவர் அவரே. மாணவர் வாழ்வைப் பற்றிப் புத்தகத்திற் படித்தால் மட்டும் போதாது, தம் கட்டிடத்துக்குத் தாமே அடிக்கல்லும் இடவேண்டும் என்பது அவர் கருத்து.

இக்கணக்கு நேர்மையானது என்பதில் ஐயமில்லை. முழுமையானதா என்பது வேறு வினா. காட்டு மரம், கல், மணல் ஆகியவற்றைச் சேர்க்கவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நிலம் எமர்ஸனுடையது, கோடரி இரவல், சட்டங்களை நிறுத்திய தோள்கள் நண்பர்களுடையவை. இவை இல்லாத ஓர் ஏழைக்கு 28 டாலரில் வீடு கிட்டியிராது. அன்றியும், பலகை மலிவாகக் கிடைத்ததன் காரணம் யாது? அவை ஒரு குடும்பத்தின் வீடாக இருந்தவை. அக்குடும்பம் விடியுமுன் மூட்டையோடு நடந்தமையாலேயே அவை மலிவுப் பலகை ஆயின. 4 டாலர் 25 சென்டில் அது அடங்குமா? தோரோ இதனை உணராதவர் என்று சொல்லவும் இயலவில்லை. உணராதவரானால் அந்தக் குழந்தையையும் கண்ணாடியையும் பூனையையும் தம் நூலில் இவ்வளவு கவனமாகப் பதிந்திருக்க மாட்டார். பதிந்தார், ஆனால் கணக்கிற் சேர்க்கவில்லை. அவர்பால் மிக்க மதிப்புடைய எமக்கும் இவ்விடம் சிறிது உறுத்தவே செய்கின்றது.

அவர் வனாந்தரத்தில் வாழ்ந்தவர் அல்லர் என்பதும் உண்மையே. இருப்புப்பாதை ஏரியின் ஓரத்திலேயே சென்றது. அடிக்கடி ஊருக்குப் போய்ப் பெற்றோர் இல்லத்தில் உண்டார். தாயாரும் சகோதரிகளும் பலகாரங்களுடன் வந்து பார்த்தனர். இதைச் சொல்லி நகைப்போர் இன்றும் உளர். தாயார் கையால் உண்பதில் இழுக்கு என்ன என்பது எமக்கு விளங்கவில்லை. அவர் தேடியது தனிமையைக் காட்டிலும் நேரமே. இரண்டரை ஏக்கரிற் பெரும்பாலும் அவரை பயிரிட்டு, செலவு போக 8 டாலர் 71½ சென்ட் மிச்சம் கண்டார். ஆண்டுக்கு ஆறு வாரம் உழைத்தால் உயிர்வாழப் போதும் எனக் கண்டறிந்தார். எஞ்சிய வாரங்களிற் படித்தார், நடந்தார், ஏரியை நூலிட்டு அளந்து அதன் மிக்க ஆழம் 102 அடி எனக் கண்டார், பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பயின்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, தமையனாரோடு சென்ற யாத்திரையின் நூலை எழுதி முடித்தார்.

1846-47 குளிர்காலத்தில் நூறு ஆட்கள் வந்து அவ்வேரியின் பனிக்கட்டியை வெட்டி விற்பனைக்குக் குவித்தனர். அக்காலத்தில் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் அவ்வணிகத்துக்கென எழுந்த கட்டிடமே. சென்னையிலும் கல்கத்தாவிலும் உள்ளோர் தம் ஏரிநீரைப் பருகுவதாகத் தோரோ எண்ணி மகிழ்ந்தார்.

1846-ஆம் ஆண்டு ஜூலையில், அடிமை முறையைக் காக்கும் அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்தமையால் ஓரிரவு சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட மறுநாள் விடுதலையானார். அதனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1849-இல் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் அதனைப் படித்து 1907-இல் தம் பத்திரிகை வாயிலாகவும் பரப்பினார் என்பதை வாசகர் பலர் அறிந்திருப்பர்.

1847-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி தோரோ ஏரிக்கரையை விட்டு நீங்கினார். இரண்டு ஆண்டும், இரண்டு மாதமும், இரண்டு நாளும் அங்கே வாழ்ந்திருந்தார். தமையனாரின் நினைவாகிய நூல் 1849-இல் ஆயிரம் பிரதி அச்சாயிற்று. 1853-இல் விற்காத 706 பிரதிகளைப் பதிப்பாளர் அவரிடமே திருப்பி அனுப்பினர். அவற்றைத் தாமே சுமந்து மாடியிற் கொண்டுபோய் அடுக்கினார். ஏரிக்கரை வாழ்வைப் பற்றிய ‘வால்டன்’ ஏழு முறை திருத்தப்பெற்று 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. அச்சிட்ட 2,000 பிரதி விற்க ஏறத்தாழ ஐந்து ஆண்டு ஆயிற்று. அவர் நில அளவைத் தொழிலால் வாழ்ந்து, 1862-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி, தம் 44-ஆம் வயதில், காசநோயாற் காலமானார்.

அவ்வீடு என்னவாயிற்று? எமர்ஸன் அதனை ஏற்றுத் தம் தோட்டக்காரருக்கு அளித்தார். தோட்டக்காரர் அதைப் பெரிதாக்க முயன்று, முடிக்காமலே ஊரை விட்டுப் போய்விட்டார். 1849-இல் ஓர் உழவர் அதனை வாங்கித் தம் பண்ணைக்குப் பெயர்த்துச் சென்று தானியக் கிடங்கு ஆக்கினார். 1868-இல் அதன் கூரை பிரிக்கப்பட்டுப் பன்றிக் கொட்டிலுக்கு மூடியாயிற்று. 1875-இல் எஞ்சிய மரங்கள் ஒரு கொட்டகை கட்ட உதவின. பின்னர் அக்கொட்டகையும் பிரிந்து, அதன் பலகைகள் களஞ்சியம் ஒன்றைப் பழுதுபார்க்கப் பயன்பட்டன. காலின்ஸ் குடும்பத்தின் சுவராயிருந்து, பின்பு தோரோவின் சுவராகிய பலகைகளும் அவற்றோடு போயிருக்க வேண்டும்.

வீடு நின்ற இடமே பிற்காலத்தில் மறந்துபோயிற்று. 1872-இல் ஆல்காட் முதலியோர் தொடங்கிய கற்குவியல் ஒன்றே அடையாளமாய் நின்றது. அங்கே வருவோர் ஒவ்வொருவரும் ஒரு கல் இட்டுச் சென்றனர். வீடு கட்டி நூறு ஆண்டு நிறைந்த 1945-இல் ராலண்டு ராபின்ஸ் என்பவர் அருகே தோண்டிப் பார்த்தபோது, ஆணிகளும் பூச்சுத் துண்டுகளும் கண்ணாடிச் சில்லுகளும் வெளிப்பட்டன. அவற்றின் இடையே, ஏரியிலிருந்து மேட்டுக்குத் தோரோ கையாற் சுமந்து வந்த புகைபோக்கியின் அடித்தளக் கற்கள், அவர் வைத்த இடத்திலேயே கிடந்தன.